குளத்துக்கு மாத்திரை போதும்: டிரெசர் பதில்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். பீடோங்கில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோருக்கு அதை நாள் வாடகைக்கு விடுகிறோம். பின்புறம் சிறிய நீச்சல் குளம். நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர், ஆழம் ஒரு முனையில் 1 மீட்டர், மறுமுனையில் ஒன்றரை. பதினான்கு மாதங்களாக வாரம் மூன்று குளோரின் மாத்திரை போட்டு வருகிறோம். கடந்த மூன்று மாதங்களாகச் சுவரில் பச்சைப் பாசி. தேய்த்தால் போகிறது, நான்காம் நாள் திரும்பி வந்துவிடுகிறது. சோதனைக் காகிதத்தில் குளோரின் சரியாகத்தான் காட்டுகிறது. ஸ்டெபிலைசர் என்ற கட்டம் மட்டும் கடைசி நிறத்தில், 100-இல் நிற்கிறது. கடைக்காரர் முதலில் பாசி மருந்து கொடுத்தார், பிறகு ஸ்டெபிலைசரைக் குறைக்கும் பொடி என்று ஒரு பாக்கெட் கொடுத்தார். என் கணவர் மாத்திரையை நான்காக்கலாம் என்கிறார். விருந்தினர்களின் பிள்ளைகளுக்கு இதனால் ஆபத்து உண்டா?
- ஒரு வாசகி, பீடோங், கெடா (மலேசியா)

பதில்: அம்மா, நானும் பீடோங்காரன்தான். உங்கள் கடிதம் கைக்கு வந்த மறுநாள் காலையில் பசியாறிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் சுங்கை பட்டாணிக்குப் போயிருந்தீர்கள். உங்கள் கணவரிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஆண்டில் இதே கேள்வி எனக்கு வருவது நான்காவது முறை. நான்காவது மாத்திரையை மட்டும் போடாதீர்கள். இருக்கும் மூன்றையும் நிறுத்துங்கள்.

உங்கள் வாளியில் இருக்கும் மாத்திரை ஒவ்வொன்றும் 200 கிராம். அதன் பெயர் டிரைக்குளோர். பெயரில் குளோரின் இருப்பதால் அது வெறும் குளோரின் என்று எல்லோரும் நினைக்கிறோம். கரையும்போது அது இரண்டு பொருளைத் தண்ணீரில் விடுகிறது. ஒன்று குளோரின். மற்றது சயனூரிக் அமிலம், அதுதான் உங்கள் காகிதத்தில் ஸ்டெபிலைசர் என்று எழுதியிருப்பது. குளோரின் பாசியோடும் வியர்வையோடும் வெயிலோடும் மோதித் தீர்ந்துவிடும். அமிலம் தீராது. வெயிலில் சிதையாது, ஆவியாகாது, மணல் வடிகட்டியில் நிற்காது. தண்ணீர் ஆவியாகிப் போனாலும் அது குளத்திலேயே தங்கிவிடும்.

கணக்கைப் பாருங்கள். உங்கள் குளத்தின் சராசரி ஆழம் 1.25 மீட்டர். ஆகவே 8 × 4 × 1.25, அதாவது 40,000 லிட்டர். பிபிஎம் என்பது ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிராம். ஒரு மாத்திரை உங்கள் குளத்தில் 4.5 பிபிஎம் குளோரினையும், கூடவே ஏறத்தாழ 2.7 பிபிஎம் அமிலத்தையும் சேர்க்கிறது. வாரம் மூன்று என்றால் எட்டு. பதினான்கு மாதத்தில் சுமார் 180 மாத்திரை போட்டிருக்கிறீர்கள். பாலைவனத்தில் இருந்திருந்தால் இந்நேரம் 480-ஐத் தாண்டியிருக்கும். ஜெராய் மலை மழைக்கு நன்றி சொல்லுங்கள். குளம் நிரம்பி வழிந்ததும், வடிகட்டியைக் கழுவியதும், பிள்ளைகள் குதித்து வாரியடித்ததும் மூன்றில் இரண்டு பங்கை வெளியே கொண்டுபோயிருக்கின்றன.

மீதி எவ்வளவு என்று உங்கள் காகிதம் சொல்லாது. அதன் கடைசி நிறம் 100, அதற்கு மேல் எல்லாம் அதே நிறம்தான். நான் கொண்டுவந்தது அடியில் கறுப்புப் புள்ளி இருக்கும் குழாய். மருந்தைக் கலந்தால் தண்ணீர் பால்போல் கலங்கும், புள்ளி மறையும் அளவே விடை. அதுவும் 100-இல் முடிந்துவிடும். ஆகவே குளத்து நீர் பாதி, குழாய் நீர் பாதி கலந்து அளந்து, வந்ததை இரட்டிப்பாக்கினேன். வெயில் முதுகில் படும்படி நின்று, குழாயை இடுப்பளவில் பிடித்து, சிறிது சிறிதாக ஊற்றி, புள்ளி கண்ணிலிருந்து நழுவும் நொடியில் நிறுத்த வேண்டும். முறைத்துப் பார்த்தால் இல்லாத புள்ளியும் தெரியும். எனக்கு 80-இல் மறைந்தது. உங்கள் கணவருக்கும் 80. ஆக, 160.

(இந்தச் சோதனையின் மருந்து மெலமின். மெலமினும் சயனூரிக் அமிலமும் சந்தித்தால் கரையாத வெள்ளைத் துகளாகிவிடும், அதுதான் அந்தக் கலங்கல். 2007-இல் வட அமெரிக்காவில் கலப்படத் தீனி தின்ற நாய்களும் பூனைகளும் செத்ததற்கு இதே சேர்க்கைதான் காரணம், சிறுநீரகத்தில் படிகமாகிவிட்டது. உங்கள் குளத்தில் மெலமின் இல்லை. ஆனால் சோதனைக் குழாயைச் சமையலறை மேசையில் வைக்காதீர்கள்.)

160 பிபிஎம் என்றால் உங்கள் குளத்தில் 6.4 கிலோ அமிலம் கரைந்து கிடக்கிறது. ஐந்து கிலோ அரிசிப் பையைவிட அதிகம். இதைச் சொன்னதும் உங்கள் கணவர், “அப்படியென்றால் குளோரின் மட்டும் ஏன் ஐயா சரியாகக் காட்டுகிறது?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஐந்தடித் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த உங்கள் மாமியார் பதில் சொல்லிவிட்டார். “அமோனியா கூடிப்போன பால் மாதிரிதானே தம்பி?”

முப்பது ஆண்டு பால் மரம் சீவியவர் என்று பிறகுதான் தெரிந்தது. வெளியார் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். ரப்பர் பால் ஆலைக்குப் போவதற்குள் உறைந்துவிடாமலிருக்க வாளியில் கொஞ்சம் அமோனியா விடுவார்கள். அளவாக விட்டால் பால் பிழைக்கும். கை தாராளமானால், ஆலையில் அதை உறைய வைக்க வழக்கமான அமிலம் போதாது, இன்னும் இன்னும் ஊற்ற வேண்டும். ஸ்டெபிலைசரும் அப்படித்தான். குளோரினை வெயிலிடமிருந்து காப்பதற்காக அதைப் பிடித்துக்கொள்கிறது. 30 முதல் 50 வரை இருந்தால் பிடி இளக்கமாக இருக்கும், பாசி வந்தால் குளோரின் கை நீட்டி அடிக்கும். 160-இல் குளோரின் இருக்கிறது, காகிதத்தில் நிறமும் வருகிறது, அடிக்கத்தான் முடிவதில்லை.

குளம் பார்ப்பவர்கள் கையாளும் கணக்கு ஒன்று உண்டு. குளோரின், ஸ்டெபிலைசர் அளவில் ஏழரை விழுக்காடாவது இருக்க வேண்டும். 40-க்கு 3 போதும். 160-க்கு 12 வேண்டும். உங்கள் குளத்தில் 3 இருந்தது. வந்து ஒட்டிய பாசியை ஒழிப்பதற்கு நாற்பது விழுக்காடு: 40-க்கு 16, 160-க்கு 64. தேய்த்த பாசி ஏன் நான்காம் நாளே திரும்பி வந்தது என்பது இப்போது விளங்கும்.

ஸ்டெபிலைசரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1977-இல் தோட்ட மருத்துவமனையில் டிரெசருக்கு, அதாவது மருத்துவ உதவியாளருக்கு, கையாளாகச் சேர்ந்தேன். காலையில் ஆள் எண்ணும் பெரட்டு முடிந்ததும் தொழிலாளர் லயத்துத் தண்ணீர்த் தொட்டியில் குளோரின் அளப்பேன், பிறகு தோட்ட நிர்வாகிகளான துரைமாரின் கிளப் குளம். அந்தக் குளத்தில் வெறும் குளோரின் தூள்தான். ஏழு மணிக்குக் கண்ணாடிக் குழாயில் நல்ல மஞ்சள் நிறம் காட்டும் தண்ணீர், பதினொரு மணிக்கு வெறும் தண்ணீர். காப்பில்லாத குளோரின் நேர் வெயிலில் அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். நண்பகலில் இன்னொரு வாளி கரைத்து ஊற்ற வேண்டும், கிளப்புக்கு ஆள் இருந்தது. உங்களுக்கு இல்லை. ஆகவே கொஞ்சம் வேண்டும். கொஞ்சம்.

பிள்ளைகளுக்கு ஆபத்தா என்றால், அந்த அமிலத்தால் நேரடியாகப் பயமில்லை. தோல் வழியே உடலில் ஏறுவது மிகமிகக் குறைவு, ஒரு வாய் விழுங்கினாலும் சிறுநீரோடு போய்விடும். கவலைப்பட வேண்டியது குளோரின் மெதுவாகிவிட்டதைப் பற்றி. பாசியைக் கொல்லாத தண்ணீர், நேற்றுவரை வயிற்றுப்போக்கில் இருந்த பிள்ளை விட்டுப்போன கிருமியையும் விட்டுவைக்கும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், குளத்தில் வயிற்றுப்போக்கு நேர்ந்துவிட்டால் கிருமி நீக்கும் முன்பாக ஸ்டெபிலைசரை 15-க்கு இறக்கச் சொல்கிறது. உங்களிடம் 160. வேலை முடியும்வரை விருந்தினர்களுக்குக் குளத்தைப் பூட்டுங்கள். வாடகையில் இருபது வெள்ளி (ரிங்கிட்) குறைத்துக்கொடுத்தாலும் சரி.

இனி வேலை. குறைக்கும் பொடியை நானும் ஒருமுறை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். மூன்று வாரம் கழித்தும் புள்ளி அதே கோட்டில்தான் மறைந்தது. என் கையில் பலித்த வழி ஒன்றே ஒன்று: இந்தத் தண்ணீர் வெளியே, புதுத் தண்ணீர் உள்ளே.

160-ஐ 40 ஆக்க முக்கால் குளத்தை இறைக்கலாம். இறைக்காதீர்கள். உங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனை வரிசைக்கு நடுவே வடிகால் ஓடுகிறது, அதில் தண்ணீர் தரைமட்டத்திலிருந்து முழங்கை ஆழத்தில் நிற்பதைப் பார்த்தேன். மண்ணுக்குள் நீர் அவ்வளவு மேலே இருக்கும்போது காலிக் குளம் ஒரு படகு. சுங்கை லாலாங் பக்கம் ஒரு வீட்டில் மழைக்காலத்தில் குளத்தைக் கழுவுவதற்காக முழுதும் இறைத்தார்கள். கண்ணாடியிழைத் தொட்டி, இரவோடு இரவாக ஒரு சாண் மேலெழும்பிவிட்டது. சுற்றிப் பதித்த ஓடெல்லாம் பிளந்தது. சிமெண்டுக் குளம் கனமானது என்று தைரியம் கொள்ள வேண்டாம், அதுவும் எழும்பும், வெடிக்கும்.

ஆகவே இரண்டு தவணை. பாதியை இறைத்து நிரப்பினால் 160 எண்பதாகும். பம்பை ஒரு நாள் ஓட்டி, அளந்து, மறுபடி பாதி. எண்பது நாற்பதாகும். மொத்தம் 40,000 லிட்டர். ஒரு பக்கம் இறைத்துக்கொண்டே மறுபக்கம் ஊற்றலாமே என்று உங்கள் கணவர் கேட்டார். ஊற்றிய புதுத் தண்ணீரும் சேர்ந்து வெளியேறும், அதே நாற்பதுக்கு 55,000 லிட்டர் பிடிக்கும். குழாய் நிமிடத்துக்கு 15 லிட்டர் கொடுத்தால் பாதிக் குளம் நிரம்ப 22 மணி நேரம் ஆகும். இரவில் திறந்துவையுங்கள். அக்கம்பக்கத்தார் குளிக்கும் நேரத்தில் திறந்துவைத்து ஏச்சு வாங்காதீர்கள். ஒரு வாரமாவது மழையில்லாத நாளாகப் பாருங்கள். கெடாவில் தை, மாசி தோதான மாதங்கள்.

வெளியேற்றும் தண்ணீரை அப்படியே வடிகாலில் விட வேண்டாம், அதில் மீன் பிடிக்கிறார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். இவ்வளவு அமிலம் இருப்பதால் குளோரின் இறங்கப் பல நாள் பிடிக்கும். காகிதம் பூஜ்யம் காட்டிய பிறகு விடுங்கள். அதற்குள் தண்ணீர் பச்சையாகிவிட்டால் பதற வேண்டாம். பம்பை மட்டும் நிறுத்தாதீர்கள். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும், சுகாதார அதிகாரி வந்தால் அபராதச் சீட்டுதான்.

நாற்பதுக்கு வந்ததும் திரவக் குளோரின் வாங்குங்கள். சீட்டில் பத்து விழுக்காடு என்று போட்டிருந்தால் ஒரு லிட்டர் உங்கள் குளத்தில் 2.5 பிபிஎம் ஏற்றும். முதல் நாள் ஆறரை லிட்டர் ஊற்றினால் 16. சுவரைத் தேயுங்கள். காலையும் மாலையும் அளந்து, குறைந்ததை ஊற்றி 16-லேயே நிறுத்துங்கள். தண்ணீர் தெளிந்து, ஓர் இரவில் ஒரு பிபிஎம்முக்கு மேல் குறையாமல் இருந்தால் பாசி செத்துவிட்டது என்று பொருள். அளக்கும்போது ஒரு சங்கதி: குளோரின் மிக அதிகமானால் இளஞ்சிவப்பு நிறமே வெளுத்துப்போய், ஒன்றுமே இல்லாததுபோல் காட்டும். அதை நம்பி இன்னும் ஊற்றாதீர்கள். குழாய் நீர் கலந்து அளந்து பெருக்கிக்கொள்ளுங்கள். அதன்பின் நாள்தோறும் பொழுது சாய்ந்ததும் ஏறத்தாழ ஒரு லிட்டர். திரவம் வெப்பத்தில் வீரியம் இழக்கும். நிழலில் வையுங்கள், ஒரு மாதத்துக்கு மேல் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று. உங்கள் குளத்தின் காரத்தன்மை 100 என்று காகிதம் காட்டியது, உங்கள் கணவர் மகிழ்ந்தார். அந்த எண்ணில் ஸ்டெபிலைசரும் ஒளிந்திருக்கிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். 160-இல் மூன்றில் ஒன்று 53, மீதி 47. மாத்திரை புளிப்பானது, அது தின்றதுதான் இது. ஓடுகளுக்கு இடையிலுள்ள சிமெண்டு மணலாக உதிர்வதை விரலால் தடவிக் காட்டினேன். புதுத் தண்ணீர் நிரப்பிய பிறகு மீண்டும் அளந்து, தேவையானால் சமையல் சோடா போடுங்கள். கடையில் குளத்துக்கென்று விற்பதும் அதே சோடாதான், வாளி மட்டும் அழகு.

கேள்வி: டிரைக்குளோர் மாத்திரை கொஞ்சமும், குளோரின் தூள் கொஞ்சமும் மீதி இருக்கின்றன. மிதவை டப்பாவில் இரண்டையும் சேர்த்துப் போட்டுத் தீர்த்துவிடலாமா?
- ஒரு வாசகர், பாடாங் செராய்

பதில்: கூடவே கூடாது. இரண்டும் குளோரின்தானே என்று ஒரே டப்பாவில் போட்டு ஈரம் பட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். ஒன்றை அள்ளிய கரண்டியால் மற்றதை அள்ளாதீர்கள். ஒரே அலமாரியில் மேலும் கீழுமாக வைக்காதீர்கள். அமிலத்தையும் குளோரினையும் ஒரே வாளியில் கலந்தால் நச்சு வாயு வரும், அதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன். தூளை முதலில் தீருங்கள். மாத்திரையை மூடி வைத்து, தீபாவளிக்கு ஊருக்குப் போகும் வாரத்துக்குப் பயன்படுத்துங்கள். எத்தனை போட்டீர்கள் என்று நாட்காட்டியில் குறியுங்கள்.

கேள்வி: தண்ணீர்க் கட்டணம் கட்டி மாளவில்லை. மழைநீரை வைத்தே ஸ்டெபிலைசரைக் குறைக்க முடியாதா?
- ஒரு வாசகி, கூலிம்

பதில்: முடியும், பொறுமை வேண்டும். வானம் கறுக்கும்போது குளத்தில் அரைச் சாணுக்குச் சற்றே குறைவாக, பத்து சென்டிமீட்டர் இறைத்துவிடுங்கள். 8-க்கு 4 மீட்டர் குளம் என்றால் அது 3,200 லிட்டர், சராசரி ஆழம் 1.25 மீட்டரானால் மொத்தத்தில் எட்டு விழுக்காடு. மழை நிரப்பட்டும். இப்படி ஆறு முறை செய்தால் 160 சுமார் 97-க்கு வரும். இறைக்காமல் மழையில் நிரம்பி வழியவிட்டால் இந்த அளவுக்குப் பலன் வராது. புதுத் தண்ணீரில் ஒரு பகுதி மேலேயே மிதந்து அப்படியே ஓடிவிடும். கூரை நீரைத் திருப்பிவிடாதீர்கள், பல்லி எச்சமும் இலைச் சருகும் சேர்ந்து வரும்.

கேள்வி: கொரோனாவுக்காக 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நாங்கள் கோலாலம்பூரில் மாட்டிக்கொண்டோம். சுங்கை சிப்புட் வீட்டுக்குத் திரும்பியபோது குளம் தவளைக் குட்டை. ஆனால் 90 இருந்த ஸ்டெபிலைசர் பூஜ்யமாகியிருந்தது. பிறகு எவ்வளவு குளோரின் ஊற்றினாலும் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. அமிலம் தானாகப் போகாது என்று முன்பு ஒருமுறை எழுதினீர்களே?
- ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: குளோரின் உள்ள தண்ணீரில் போகாது என்று திருத்திக்கொள்கிறேன். குளோரின் செத்த குளத்தில் சில பாக்டீரியாக்கள் அந்த அமிலத்தைத் தின்று அம்மோனியாவாக்கிவிடும். நீங்கள் ஊற்றியதையெல்லாம் குடித்தது அந்த அம்மோனியாதான். அதைக் குளோரினால் ஓட்டலாம், பீப்பாய் பீப்பாயாகப் பிடிக்கும். தவளைக் குட்டையானால் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டுத் தொடங்குவதே மலிவு.

கேள்வி: துரைமார் கிளப் குளத்தைப் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். அதில் நீங்கள் குளித்ததுண்டா?
- ஒரு பள்ளி மாணவி, மெர்போக்

பதில்: அளந்ததுண்டு பாப்பா, ஒன்பது ஆண்டுகள். குளிக்க எங்களுக்கு அனுமதி இல்லை. 1984-இல் ஒருநாள் உறிஞ்சும் குழாயில் துண்டு சிக்கிப் பம்பு திணறியது. தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி ஆள் தேடினார், நான் கால்சட்டையோடு இறங்கினேன். துண்டை எடுக்க இரண்டு நிமிடம் போதும். நான் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டேன்.